ஒரு சைக்கிள், இரண்டு உயரம்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "கவிதையா, கதையா?" என்றேன். "எது வேணும்னாலும் எழுது. ஆனா நட்பு, நிலா, அம்மா இந்த மூணும் ஏற்கெனவே நெறைய வந்திருச்சு" என்றார். எனவே சைக்கிள் சீட்டைப் பற்றி எழுதுகிறேன். நடுவில் அம்மா வரத்தான் செய்வாள். செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிளில் டயருக்கு மரியாதை உண்டு. செயினுக்கு உண்டு. பிரேக்குக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் சீட்டுக்குக் கீழே, பிரேமின் வாயில், ஒரு மோதிரம் போல உட்கார்ந்திருக்கும் சீட் கிளாம்ப்பை நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருப்போம்? சீட்டைத் தாங்கும் பைப்புக்குக் கடையில் சீட் பில்லர் என்று பெயர். அந்தப் பில்லர் பிரேமின் பைப்புக்குள் இறங்குகிறது. பிரேம் பைப்பின் மேல் நுனியில் ஒரு வெட்டு இருக்கும். அதைச் சுற்றிக் கிளாம்ப். கிளாம்ப்பின் இரண்டு காதுகளையும் ஒரு போல்ட் இழுக்கிறது. காதுகள் நெருங்கினால் வளையம் சுருங்கும். வளையம் சுருங்கினால் பைப்பின் வாய் சுருங்கும். வாய் சுருங்கினால் பில்லர் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி. நம் முழு எடையும் இந்தப் பிடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே சைக்கிள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் 1,800 ரூபாய்க்கு வாங்கிய லேடீஸ் சைக்கிள். காலை 5.30 மணிக்கு அது அம்மாவுடையது. கேரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பால் சொசைட்டிக்குப் போய், ஊற்றி, அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு 7 மணிக்குள் திரும்பிவிடுவாள். 7.15-க்கு அது என்னுடையது. எங்கள் ஊரிலிருந்து நம் கல்லூரி 9 கிலோமீட்டர். சாயங்காலம் நான் வீடு சேர 5.30 ஆகும். மாலைப் பால் ஊற்றும் நேரமோ 4.30. அதனால் மாலையில் அம்மா சும்மாடு கூட்டி, கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போகிறாள். நான் டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்து இந்த நடை. இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்பா திருப்பூர்ப் பக்கம் கட்டட வேலையில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை வருவார்.

அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். என் உயரம் 5 அடி 5 அங்குலம். பிளஸ் டூ முடிப்பதற்குள் நான் மளமளவென்று வளர்ந்துவிட்டேன். ஆகவே தினமும் காலையில் 13-ம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, போல்ட்டைத் தளர்த்தி, சீட்டை ஏற்றி, இறுக்கிவிட்டு நான் கிளம்புவேன். ராத்திரி அம்மா அளவுக்கு இறக்கி வைப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. இரண்டு வருடங்களாக இதுதான் வழக்கம். ஒரு போல்ட்டும் கிளாம்ப்பும் இத்தனை தடவை திறந்து மூடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிரேமைப் போல அவை நிலையாக இருக்க வேண்டியவை. எனவே தேய்ந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. வேலை செய்த பொருள் தேயும்.

தீபாவளி கழிந்த பிறகு சீட்டு இறங்க ஆரம்பித்தது. வீட்டில் என் அளவுக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பினால், மூன்றாவது கிலோமீட்டரில் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும். சீட்டு தாழ்ந்தால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முழங்கால் முழுக்க நீளாது. மடங்கிய காலாலேயே மிதிக்க வேண்டும். 9 கிலோமீட்டர் அப்படி மிதித்தால் முதல் பீரியடில் முட்டி விண்விண் என்று தெறிக்கும். முதுகில் மினி டிராப்டரையும் மாட்டிக்கொண்டு, வழியில் இரண்டு தடவை இறங்கி, ஸ்பேனர் போட்டு ஏற்றிவிட்டுப் போவேன். வருகைப் பதிவேட்டில் எனக்கு இடுப்பொடிந்த மாதம் அது.

என் கஷ்டம் இது. அம்மாவின் கஷ்டம் வேறு. அம்மா அளவுக்கு இறக்கினால் சீட்டின் அடிப்பாகம் கிட்டத்தட்ட கிளாம்ப் மேலேயே உட்கார்ந்துவிடும். அதற்குக் கீழே இறங்க இடமில்லை. ஆனால் பிடி இல்லாததால் சீட்டு இடமும் வலமும் திரும்பும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது சீட்டின் மூக்கு சட்டென்று ஒரு பக்கம் போகும். பின்னால் கேன் இருக்கிற சைக்கிளில் அது விளையாட்டல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் அட்டையில் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தேன். அது என் வேலை. 10 நாளுக்கு ஒரு தடவை கூட்டிச் சொல்ல வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலைக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அம்மா, அன்னைக்கி மாடு கறக்கலயா?"

"கறந்துச்சு."

"அப்ப ஊத்தலயா?"

"வாய்க்கா மேட்டுல சாஞ்சிருச்சுடி. ஆறு லிட்டர். மண்ணு குடிச்சிருச்சு."

"உனக்கு அடி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, கூட்டு."

முழங்கையில் ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. நான் கூட்டிச் சொன்னேன்.

மறுநாள் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி, நீளமாக்கி, உடம்பு பாரத்தைப் போட்டு இறுக்கினார். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மறுபடி இறங்கியது. இரண்டாவது தடவை போனபோது அவர் யோசித்துச் சொன்னார்:

"தங்கச்சி, இது இப்புடியே இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கும். ஒரு வெல்டு வச்சு விட்டுருவோம். ஜென்மத்துக்கும் எறங்காது. முப்பது ரூவா குடு. ஒசரத்த மட்டும் கரெக்டாச் சொல்லிரு."

உயரத்தை மட்டும் சொல்லிவிடு! நண்பர்களே, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமே இந்த ஒரு வாக்கியம்தான். யார் உயரத்தைச் சொல்வது? இரண்டு பேர் ஓட்டுகிற சைக்கிளில் ஒருவர் அளவுக்கு வெல்டு வைத்துவிட்டால், அன்றோடு அது அந்த ஒருவருடைய சைக்கிள்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உன் அளவுக்கே வச்சிரு."

"அப்ப நீ எப்புடி ஏறுவ?"

"ஏறாட்டி என்ன? கேன கட்டித் தள்ளிக்கிட்டே போயிர்றேன். ரெண்டு மைலா, நாலு மைலா? படிக்கிற புள்ளைக்கித்தான் சைக்கிள் வேணும்."

இப்படித்தான் நம் வீடுகளில் பல காரியங்கள் முடிவாகின்றன. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். நாம் கேட்பதற்கு முன்பே யாராவது இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாலை நடையை அப்படித்தான் அம்மா எடுத்துக்கொண்டாள். இப்போது காலை நடையையும் எடுத்துக்கொள்ளத் தயாராகிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில் வார்த்தை இருந்தது. ஆனால் வார்த்தை சீட்டைப் பிடித்து நிறுத்தாது.

இந்த இடத்தில் என் அம்மாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சைக்கிள் வெறும் வண்டியல்ல என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவு இயக்கம்தான் என்றாலும், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். கிராமம் கிராமமாகப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதி, அது 1996-ல் வந்த அவருடைய புத்தகத்திலும் இடம் பெற்றிருக்கிறது. என் அம்மாச்சி அப்போது கல் குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் சைக்கிள் கற்றுக்கொண்டதும் ஒரே வருடத்தில்தான்.

"லேடீஸ் சைக்கிளுக்கு எங்கிட்டுப் போறது? எல்லாம் ஆம்பள சைக்கிளு. மணி வாடகை. சீட்டு இந்த ஒசரம் நிக்கும். ஏறணும்னா மைல்கல்லத் தேடணும், இல்லாட்டி திட்டத் தேடணும். எறங்கணும்னாலும் அதே மாதிரிதான்" என்று அம்மாச்சி சொல்லிச் சிரிப்பாள். ஆனால் பார் வைத்த சைக்கிளில் ஒரு நன்மையும் இருந்திருக்கிறது. பிள்ளையைப் பாரில் உட்கார வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளை என் அம்மா. அப்போது அவளுக்கு ஏழு வயது இருக்கும். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். சைக்கிளை மட்டும் விடவில்லை.

வாடகைச் சைக்கிளில் அம்மாச்சிக்காக யாரும் சீட்டை இறக்கித் தரவில்லை. இருந்த உயரத்தில் அவள் ஏறினாள். அவளுடைய மகள் இப்போது, ஏறாமலே தள்ளிக்கொண்டு போகிறேன் என்கிறாள். மூன்றாவது தலைமுறையாக நான் மெக்கானிக்கல் படித்துக்கொண்டு, ஒரு சீட்டை இரண்டு உயரத்துக்கு நிறுத்தத் தெரியவில்லை என்றால், இந்தப் படிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் சைக்கிளை ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தி, ஒர்க் ஷாப் சாரிடம் காட்டினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எது தேஞ்சிருக்கு? பில்லரா, பைப்பா, கிளாம்ப்பா, போல்ட்டா? அளந்துட்டு வந்து சொல்லு" என்றார். மெட்ராலஜி லேபில் வெர்னியர் காலிப்பரை வாங்கிக்கொண்டேன். லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ. ரெக்கார்டு நோட்டுக்காக எத்தனையோ தடவை சிலிண்டரை அளந்திருக்கிறோம். நம் வீட்டுப் பொருளை அளப்பது அதுபோல் இல்லை. கை கொஞ்சம் நடுங்குகிறது.

அளவுகள் இவை. பில்லரின் விட்டம் 25.40 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். தினமும் உரசிய இடத்தில் 25.34. தேய்மானம் 0.06 மி.மீ. மட்டுமே. அது பெரிய விஷயமில்லை. பிரேம் பைப்பின் வெளிவிட்டம் 28.60. பிறகு கிளாம்ப்பைக் கழற்றி, தனியாக வைத்து, காதுகள் இரண்டும் முட்டிக்கொள்ளும் வரை போல்ட்டை இறுக்கி, உள்விட்டத்தை அளந்தேன். 28.70!

அதாவது, இனிமேல் சுருங்க முடியாது என்ற நிலையிலும் வளையம் பைப்பைவிட 0.10 மி.மீ. பெரியது. பிடிக்கப்படும் பொருளைவிடப் பிடி பெரிதாகிவிட்டது. பிறகு எப்படி நிற்கும்?

நம் அப்ளைடு மெக்கானிக்ஸ் இதற்கு எப்படி விளக்கம் சொல்கிறது என்று பாருங்கள். போல்ட் 8 மி.மீ. ஸ்பேனர் சுமார் 16 செ.மீ. அதன் நுனியில் 50 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 5 கிலோ விசை கொடுத்தால், முறுக்கு விசை 8 நியூட்டன் மீட்டர். முறுக்கு விசையை, 0.2 என்ற எண்ணையும் போல்ட் விட்டத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால், போல்ட்டில் ஏற்படும் இழுவிசை தோராயமாகக் கிடைக்கும். 8-ஐ 0.2 × 0.008-ஆல் வகுத்தால் 5,000 நியூட்டன். அரை டன் பாரம்! பெண்பிள்ளை ஒருத்தி ஒற்றைக் கையால் இறுக்குகிற சாதாரண போல்ட்டுக்குள் இவ்வளவு பலம் இருக்கிறது.

வளையத்தில் 5,000 நியூட்டன் இழுவிசை இருந்தால், அது சுற்றிலும் பைப்பை அமுக்கும் மொத்த விசை அதைப்போல இரண்டு பை மடங்கு. சுமார் 31,400 நியூட்டன். உராய்வுக் குணகத்தை 0.15 என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் பிடி சுமார் 4,700 நியூட்டன். என் எடை 48 கிலோ. அதாவது சுமார் 470 நியூட்டன். பத்து மடங்கு பிடி இருக்கிறது. இது புத்தகக் கணக்கு. உண்மையில் பைப்பின் வாயைச் சுருக்குவதற்கே ஒரு பெரும்பகுதி செலவாகிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது நம் எடையும் இரண்டு மூன்று மடங்காகத் தெரியும். அதற்காகத்தான் இத்தனை மிச்சம் தேவைப்படுகிறது.

ஆனால் காதுகள் இரண்டும் முட்டிக்கொண்டுவிட்டால்? அந்த 5,000 நியூட்டனும் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போய் அங்கேயே முடிந்துவிடுகிறது. வளையத்துக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. ஸ்பேனருக்கு இறுக்கமாகத்தான் தெரியும். அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். போல்ட் இறுகியிருக்கிறது, கிளாம்ப் இறுகவில்லை. பைப்பைச் சொருகி இறுக்கினால் காதுகள் இன்னும் வளைந்து, இன்னும் சீக்கிரம் முட்டும். போல்ட்டின் மரையும் போகும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். "அப்ப எத மாத்தணும்?" என்றார். "கிளாம்ப்ப மட்டும் மாத்துனாப் போதும் சார்." "சரி, மாத்து" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க எனக்கு யாரோ பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் பழைய கிளாம்ப்பைக் காட்டி, "28.6 வேணும்ணே" என்று கேட்டேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கிளாம்ப் வாங்கும்போது சொல்ல வேண்டியது பில்லரின் அளவை அல்ல, பிரேம் பைப்பின் வெளிவிட்டத்தை. 28.6, 31.8, 34.9 என்று கிளாம்ப்கள் வருகின்றன. ஒன்றுக்கு இன்னொன்று சேராது. கடைக்காரர் இரண்டு வகையை எடுத்துப் போட்டார். ஒன்று போல்ட் வைத்தது. இன்னொன்று கைப்பிடி வைத்தது. இதைக் குயிக் ரிலீஸ் என்கிறார்கள். ஸ்பேனர் தேவையில்லை. கைப்பிடியைத் திறந்தால் தளரும், மூடினால் இறுகும். அதன் அடியில் ஒரு கேம் இருக்கிறது. மையத்திலிருந்து விலகிய வட்டம். தினமும் திறந்து மூடுவதற்காகவே செய்யப்பட்டது. விலை 130 ரூபாய். போல்ட் வைத்ததைவிட 70 ரூபாய் கூட. வெல்டுக்கு 30 ரூபாய்தான். ஆனால் வெல்டுக்கு ஒரு உயரம், இதற்கு இரண்டு உயரம். ரெக்கார்டு நோட்டு வாங்க வைத்திருந்த காசில் வாங்கினேன்.

மாட்டிய முறையைச் சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படும்.

முதலில், இருக்கிற உயரத்தைப் பில்லரில் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய போல்ட் துருப்பிடித்திருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ விட்டு ஒரு ராத்திரி வைக்கலாம். சீட்டை நேராக இழுக்கக் கூடாது. இடமும் வலமும் திருப்பிக்கொண்டே மேலே இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். பில்லரையும் பைப்பின் உள்வாயையும் எமரி தாளால் தேய்த்துத் துரு நீக்கி, துணியால் துடைக்க வேண்டும். பைப்பின் வெட்டு ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் இரண்டு தடவை ஓட்டினால் போதும். அது பில்லரைக் கீறாமல் இருக்கும்.

பிறகு பைப்பின் உள்ளே மிக மெல்லியதாக கிரீஸ். கிரீஸ் போட்டால் வழுக்காதா என்று கேட்பீர்கள். அளவான கிளாம்ப் இருந்தால் இரும்புப் பில்லர் வழுக்காது. கிரீஸ் போடாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, பில்லர் பைப்போடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது.

புதுக் கிளாம்ப்பைப் பைப்பின் வாயில் முழுக்க உட்கார வைத்து, அதன் வெட்டும் பைப்பின் வெட்டும் நேருக்கு நேர் வரும்படி திருப்ப வேண்டும். பில்லரை இறக்கும்போது, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியவே கூடாது. தெரிந்தால் பில்லரோ பிரேமோ வளையும், உடையும். என் உயரத்துக்கு ஏற்றியும் அந்தக் கோடு உள்ளேதான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

கைப்பிடியை மூடுவதில்தான் சூட்சுமம். அதைப் பிடித்து ஸ்பேனர் மாதிரி சுற்றி இறுக்குகிறவர்கள் உண்டு. அது தவறு. மறுபக்கத்து நட்டைக் கையால் திருகி, கைப்பிடி பாதி வழி வரும்போது, அதாவது போல்ட்டுக்கு நேர்கோட்டில் நிற்கும்போது, எதிர்ப்பு தெரிய ஆரம்பிக்க வேண்டும். அங்கிருந்து உள்ளங்கையால் அமுக்கி மூட வேண்டும். மூடிய பிறகு உள்ளங்கையில் கைப்பிடியின் தடம் பதிந்திருந்தால் சரியான இறுக்கம். சும்மா மூடிக்கொண்டால் நட்டை இன்னும் கால் சுற்று.

பிறகு சோதனை. சீட்டின் மூக்கைப் பிடித்து முறுக்கிப் பார்க்க வேண்டும். திரும்பக் கூடாது. தொம்மென்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். இறங்கக் கூடாது. இரண்டு நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை நட்டைப் பார்க்க வேண்டும். புதுக் கிளாம்ப் உட்கார்ந்து கொஞ்சம் இளகும்.

சரியான உயரம் எது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு மட்டும் இருக்கும். அம்மாவை உட்கார வைத்து இப்படி அளந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இத்தனை நாள் அம்மா அளவு என்று நாங்கள் வைத்திருந்தது அம்மாவின் அளவே இல்லை. ஒன்றரை அங்குலம் குறைச்சல். ஏற்றி வைத்தேன். அம்மா வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "காலு லேசா இருக்குடி" என்றாள். முட்டி வலி எனக்கு வந்து ஒரு மாதம். அம்மாவுக்கு எத்தனை வருடமோ! கேட்டால், "வேல செஞ்சா வலிக்காதா?" என்பாள்.

பில்லரில் நெயில் பாலிஷால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அம்மாவுக்குச் சிவப்பு, எனக்கு ரோஸ். அம்மாவின் கோடு மேலே, என் கோடு கீழே. காலையில் சிவப்புக் கோடு கிளாம்ப் ஓரத்தில் நிற்கும். 7.15-க்கு நான் கைப்பிடியைத் திறந்து, ரோஸ் கோடு தெரியும் வரை தூக்கி, மூடுவேன். 10 விநாடி. ராத்திரி அம்மாவே இறக்கிவிடுகிறாள். ஸ்பேனர் பிடிக்கப் பழகாத கை, இந்தக் கைப்பிடியை ஒரே நாளில் பழகிக்கொண்டது. என் கோடு தினமும் பைப்புக்குள் போய் வருவதால் உரசி அழிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை மறுபடி போட வேண்டும். அம்மாவின் கோடு எப்போதும் வெளியிலேயே இருப்பதால் அப்படியே இருக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. ஸ்பேனர் இல்லாமல் நமக்குக் கழன்றால், மற்றவர்களுக்கும் கழலும். நம் சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டோடு பில்லரை உருவிக்கொண்டு போக 10 விநாடி போதும். எனவே பூட்டுச் சங்கிலியைச் சீட்டுக்கு அடியில் உள்ள கம்பி வழியாகவும் நுழைத்துப் பூட்டுகிறேன். ஒருவர் மட்டும் ஓட்டுகிற சைக்கிளுக்குப் போல்ட் வைத்த கிளாம்ப்பே மேல்.

எல்லாச் சைக்கிளுக்கும் இதே வைத்தியம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் தனிக் கிளாம்ப் கிடையாது. காதுகள் பிரேமிலேயே சேர்ந்திருக்கும். அங்கே சீட் போல்ட்டை மட்டும்தான் மாற்ற முடியும். பில்லர் நிஜமாகவே தேய்ந்து மெலிந்திருந்தால் புதுக் கிளாம்ப் போட்டும் பயனில்லை. சரியான அளவுப் பில்லர் வாங்க வேண்டும். அவசரத்துக்கு மெல்லிய டப்பாத் தகட்டை வெட்டி, பில்லரைச் சுற்றிச் சொருகுவார்கள். தற்காலிகமாக நிற்கும். எதுவாக இருந்தாலும், இறுக்குவதற்கு முன்னால் காதுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் எவ்வளவு இறுக்கியும் வீண்.

இப்போது என் முதல் பீரியடு வருகை ஒழுங்காக இருக்கிறது. பால் அட்டையில் காலைக் கட்டம் எதுவும் காலியாக இல்லை. மாலை நடை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதை 130 ரூபாயில் தீர்க்க முடியாது. அதற்கு இன்னொரு சைக்கிள் வேண்டும். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் அதை வாங்குவதாக இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், "எனக்கெதுக்கு?" என்பாள்.

நண்பர்களே! மெக்கானிக்கல் படிக்கிறாயே, என்ன வேலை கிடைக்கும் என்று ஊரில் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் நம் வீட்டில் ஆடுகிற, இறங்குகிற, கசிகிற, சத்தம் போடுகிற பொருள் எது என்று பாருங்கள். அதை யார் சகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். லேபில் வெர்னியர் சும்மாதான் கிடக்கிறது. சாரிடம் கேட்டு வாங்கி, ஒரு தடவை அளந்து பாருங்கள்.

— இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை